சூட்டில் உறையும் திரவம்

பாட்டிலைச் சாய்த்தால் வெளிறிய பால் நிறத்தில் ஒரு திரவம் அவசரமில்லாமல் வழிகிறது. டைலின் மேல் ஒரு சொட்டு விட்டு நாள்கணக்கில் மறந்துபோனாலும் அது காய்வதில்லை, தூசிதான் படியும். அதையே ஓவனில் 130 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் வைத்து எடுத்து ஆறவிட்டால், விரலால் வளைத்தால் வளைந்து, விட்டால் நிமிரும் மெல்லிய தகடு கையில் இருக்கிறது. மோதிரம், கம்மல், மூக்குத்தித் திருகு என்று தொலைந்துபோவதற்கென்றே பிறந்த சாமான்களைப் போட்டுவைக்க, இந்தத் திரவத்தால் அழகழகாகச் சிறு தட்டுகள் செய்கிறார்கள். லிக்விட் பாலிமர் கிளே என்று கேட்டால் கைவினைக் கடைகளில் எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளே களிமண் துளியும் கிடையாது.

எனக்கென்னவோ தட்டைவிட அந்த இருபது நிமிடம்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. சூடேற்றினால் திடப்பொருள் இளகும், திரவம் கொதிக்கும் என்பது பள்ளிப் பாடம். இங்கே திரவம் சூட்டில் திடமாகிறது. சரி, காய்ந்துவிட்டது என்று சொல்லலாமா என்றால், பெயிண்டில் தண்ணீரோ தின்னரோ ஆவியாகிப் போவதால்தான் படலம் நிற்கிறது. இதில் ஆவியாகிப் போக அப்படி ஒன்றுமில்லை. ஓவனுக்குள் போன எடை ஏறக்குறைய அப்படியே வெளியே வருகிறது. எபாக்ஸி ரெசினில் இரண்டு பாட்டில்களைக் கலந்ததும் வேதிவினை நடந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. இதில் இரண்டாவது பாட்டிலே இல்லை. சூளையில் வேகும் மண்பாண்டத்தில் களிமண்ணின் கட்டமைப்புக்குள் சிறைப்பட்டிருந்த நீர்கூட வெளியேறி, கனிமமே வேறொன்றாக மாறிவிடுகிறது. அதற்கெல்லாம் 130 டிகிரி உறைபோடக் காணாது. தெரிந்த மூன்று வழிகளும் அடைபட்ட பிறகுதான் கதை சுவாரசியமாகிறது.

பாட்டிலுக்குள் இருப்பது பிவிசி. சுவருக்குள் தண்ணீர்க் குழாயாகவும், மின்கம்பிக்கு மேலுறையாகவும் இருக்கும் அதே பாலிவினைல் குளோரைடுதான். ஆனால் மிக நுண்ணிய தூளாக இருக்கிறது. ஒரு துகளின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு மைக்ரான். ஒரு தலைமுடியின் அகலத்தில் ஐம்பது அறுபது துகள்களை வரிசையாக நிறுத்திவிடலாம். இந்தத் தூள், எண்ணெய்ப் பசையுள்ள ஒரு திரவத்தில் மிதக்கிறது. அந்தத் திரவத்தைத் தொழிலில் பிளாஸ்டிசைசர் என்பார்கள். அது செய்யும் வேலையைப் பார்த்து நாம் இளக்கி என்று வைத்துக்கொள்வோம். தூளும் இளக்கியும் சேர்ந்த கலவைக்கு பிளாஸ்டிசால் என்று பெயர். இதோடு சூட்டில் கெடாமல் காக்கும் சில உப்புகளும் நிறமிகளும் கொஞ்சம் சேரும்.

கேழ்வரகுக் களி கிண்டியவர்களுக்கு அடுத்து நடப்பதை விளக்க வேண்டியதில்லை. பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்து வைத்தால் மாவு மாவாகவும் தண்ணீர் தண்ணீராகவும்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் மாவு அடியில் தங்கிவிடும். அடுப்பில் ஏற்றினால், ஒரு கட்டத்தில் மாவுச்சத்துத் துகள்கள் சுற்றியுள்ள தண்ணீரைக் குடித்து உப்பத் தொடங்குகின்றன. தண்ணீர் எங்கேயும் போய்விடவில்லை, துகளுக்குள் குடிபுகுந்துவிட்டது. உப்பிய துகள்கள் ஒன்றையொன்று நெருக்க, துடுப்பு கனக்கிறது. பிவிசி துகள்களும் இளக்கியும் ஓவனுக்குள் செய்வது இதைத்தான். ஆனால் களியோடு ஒப்பு அங்கே முடிகிறது. பிவிசி அதற்கு மேலும் ஒரு படி போகிறது.

பிவிசி என்பது நீண்ட கார்பன் சங்கிலி. ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு குளோரின் அணு ஒட்டியிருக்கும். குளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. அதனால் சங்கிலியில் இடத்துக்கு இடம் லேசான எதிர்மின்னும் லேசான நேர்மின்னும் தோன்றி, பக்கத்துச் சங்கிலியோடு இழுவை ஏற்படுகிறது. அங்கங்கே சில சங்கிலித் துண்டுகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு நுண்படிகங்களாகவும் ஆகிவிடுகின்றன. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அவை தாண்டுவதில்லை என்றாலும், சங்கிலிகளைப் பிடித்து நிறுத்தும் முடிச்சுகள் அவையே. சுத்தமான பிவிசியில் சுமார் 80 டிகிரிக்குக் கீழே சங்கிலிகளுக்கு அசையக்கூட இடமில்லை. இளக்கி துகளின் வாசலில் நிற்கிறது. உள்ளே போக வழியில்லை.

சூடு ஏறும்போது சங்கிலிகள் நெளியத் தொடங்குகின்றன. கிடைத்த இடைவெளியில் இளக்கி மூலக்கூறுகள் நுழைந்து, சங்கிலிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து, அவற்றின் பரஸ்பர இழுவையைத் தளர்த்துகின்றன. வழி இன்னும் அகலமாகிறது. இன்னும் இளக்கி நுழைகிறது. சற்று நேரத்தில் வெளியே திரவமென்று ஒன்றும் மிச்சமில்லை. இது முதல் கட்டம். பொருள் கெட்டிப்பட்டுவிட்டது, ஆனால் பலமில்லை. உப்பிய துகள்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன, அவ்வளவுதான். சூடு மேலும் ஏறினால்தான் நுண்படிகங்கள் இளகி, ஒரு துகளின் சங்கிலிகள் எல்லை தாண்டி அடுத்த துகளுக்குள் புகுந்து பின்னிக்கொள்கின்றன. துகள் என்ற அடையாளமே அழிந்துபோகிறது. ஆறும்போது நுண்படிகங்கள் மறுபடி அங்கங்கே உருவாகின்றன. இந்தத் தடவை அவை ஒரு துகளுக்குள் மட்டும் முடிச்சுப் போடுவதில்லை. தட்டு முழுவதையும் கட்டிப்போடுகின்றன. இடையில் இளக்கி அப்படியே தங்கியிருப்பதால்தான் தட்டு வளைந்து கொடுக்கிறது. இவ்வளவு நடந்தும் ஒரு புது வேதிப்பிணைப்புகூட உண்டாகவில்லை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதுதான் விசேஷம். நிறம் சேர்க்காத திரவத்தைக் கண்ணாடி மேல் மெல்லிய படலமாக ஊற்றி ஓவனில் வைத்து, விளக்கைப் போட்டுக்கொண்டு கதவுக் கண்ணாடி வழியே கவனியுங்கள். முதலில் ஈரப் பளபளப்பு. சில நிமிடங்களில் பளபளப்பு சட்டென மங்குகிறது: இளக்கி உள்ளே போய்விட்டது, மேலே நிற்பது துகள்களின் முதுகு. பிறகு அந்தப் பால் நிறம் மெல்ல விலகி, படலத்துக்கு அடியில் இருப்பது தெரியத் தொடங்குகிறது. பிவிசியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.54, இளக்கிகளுடையது 1.44 முதல் 1.49 வரை. இரண்டும் வேறு வேறாக இருக்கும்வரை ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் ஒளி திசைமாறிச் சிதறும். கோடிக்கணக்கான விளிம்புகளில் சிதறிய ஒளிதான் அந்த வெண்மை. எல்லைகள் அழிந்ததும் சிதறுவதற்கு இடமில்லை, ஒளி நேராகப் போய்விடுகிறது. மூலக்கூறு அளவில் நடந்த கலப்புக்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. முழுதாகத் தெளியாத படலத்தின் மேல் ஹீட் கன்னைச் சில நொடிகள் காட்டிக் கைவினைஞர்கள் அதைத் தெளிய வைக்கிறார்கள்; பாக்கி நின்ற எல்லைகள் அந்தக் கூடுதல் சூட்டில் கரைகின்றன.

இனி தட்டு. இதைச் செய்யப் பல வழிகள் இருந்தாலும் எனக்குப் பிடித்தது இரண்டு தடவை சுடும் முறை. சாதாரண, கட்டியாக வரும் பாலிமர் கிளேயை மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, வட்டமாக வெட்டி, ஓவனில் வைக்கக்கூடிய பீங்கான் கிண்ணத்தின் உட்பக்கம் படியவைத்து ஒருமுறை சுட்டுக்கொள்வது. அது தட்டின் உடம்பு. அதற்குள் நிறம் கலந்த திரவத்தை ஊற்றி, கோலம் இழுத்து, மறுபடி சுடுவது. திரவம் தானே மட்டம் பார்த்துப் படிந்துகொள்வதால், கையால் எத்தனை தேய்த்தாலும் வராத வழவழப்பு தட்டின் நடுவில் வந்துவிடும்.

நிறம் சேர்ப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆல்கஹால் மை நாலைந்து சொட்டு விட்டால் நிறம் பளிச்சென்று வரும். ஆனால் அதிலுள்ள ஆல்கஹால் ஓவனில் கொதித்துக் குமிழியாகும். எனவே கலந்த பிறகு கிண்ணத்தைத் திறந்தபடி வைத்து, ஆல்கஹால் நன்றாகப் போகவிட வேண்டும். கலக்கும்போது வேகமாக அடித்தால் காற்று புகும். இந்தப் பிசுபிசுப்பில் சிறு குமிழி மேலே ஏறி வர வெகுநேரம் பிடிக்கும். குமிழியின் விட்டம் பாதியானால் அது ஏறும் வேகம் கால்வாசியாகிவிடும். ஆகவே பெரிய குமிழிகள் தாமே வெளியேறும், பொடிக் குமிழிகளைப் பல்குச்சியால் குத்தித்தான் வெளியேற்ற வேண்டும்.

அதே பல்குச்சியை இரண்டு நிறங்களின் எல்லை வழியே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நீலத்துக்குள் வெள்ளை ஒரு நாக்காக நீண்டு, மெலிந்து, அப்படியே நிற்கிறது. ஐந்து நிமிடம் கழித்தும் நிற்கிறது. தண்ணீரில் மைச்சொட்டு விட்டுக் குச்சியை இழுத்திருந்தால் இந்நேரம் எல்லாம் கலங்கிப்போயிருக்கும். ஓட்டத்தின் உந்தம் பெரிதா, திரவத்தின் பிசுபிசுப்பு பெரிதா என்று காட்டும் விகிதத்துக்கு ரெனால்ட்ஸ் எண் என்று பெயர். தண்ணீரை வேகமாகக் கலக்கும்போது அது ஆயிரக்கணக்கில் போகும். சுழல்கள் பிறந்து சுழல்களை உடைத்து எல்லாவற்றையும் கலக்கிவிடும். இங்கே அந்த எண் ஒன்றுக்கும் மிகக் கீழே, நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும். குச்சி நின்ற கணமே திரவமும் நின்றுவிடுகிறது. சுழலே பிறக்காது. நிறங்கள் மடிப்பு மடிப்பாக நீளும், ஆனால் கலக்காது. 1960களில் எடுத்த ஒரு கல்விப் படத்தில் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஜி. ஐ. டெய்லர் இதன் உச்சத்தைக் காட்டினார். இரண்டு உருளைகளுக்கு நடுவே பிசுபிசுப்பான திரவத்தில் ஒரு நிறத்துளி. உள்ளுருளையைச் சில சுற்று சுற்றினார், துளி கரைந்து மறைந்தே போயிற்று. அதே அளவு பின்னோக்கிச் சுற்றினார், துளி பழைய இடத்தில் திரும்பி வந்து சேர்ந்தது. நம் கலவையில் அவ்வளவு துல்லியமாகத் திரும்பாது, ஏனென்றால் இது இழுக்கும் வேகத்துக்கு ஏற்பப் பிசுபிசுப்பு மாறும் ரகம். ஆனாலும் இழுத்த கோடு பிடிக்காவிட்டால் வந்த வழியே குச்சியைத் திருப்பி இழுத்துப் பாருங்கள், பாதி கோலம் பின்வாங்கும்.

மைக்காத் தூள் சேர்த்தால் இந்த ஓட்டம் வெளிச்சத்துக்கே வருகிறது. கடையில் முத்து நிறம், பொன் நிறம் என்று விற்கும் தூளில் பலவற்றில் சாயம் எதுவும் இல்லை. மைக்காவின் மெல்லிய செதிலுக்கு மேல் டைட்டானியம் டை ஆக்சைடை நானோமீட்டர் கணக்கில் பூசியிருக்கிறார்கள். பூச்சின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் நிறத்தை உண்டாக்குகின்றன. பூச்சு 60 நானோமீட்டர் அளவில் வெள்ளியாக மின்னும். கனம் கூடக்கூட பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று மாறும். பொருள் ஒன்றே, கனம்தான் வேறு. செதில்கள் தட்டையானவை என்பதால் திரவம் ஓடும் திசைக்கேற்பப் படுத்துக்கொள்கின்றன. குச்சி போன தடம் ஒரு கோணத்தில் மின்னியும் இன்னொரு கோணத்தில் இருண்டும் தெரிவது அதனால்தான். ஓவன் அந்தக் கணத்தின் ஓட்டத்தை அப்படியே நிலைநிறுத்திவிடுகிறது.

ஓவன் விஷயத்தில் ஒரு கண்டிப்பு தேவை. நம் வீடுகளில் இருக்கும் ஓடிஜி அடுப்பின் குமிழில் 130 என்று திருப்பி வைத்தால் உள்ளே 130 இருக்கும் என்று நம்பக் கூடாது. கம்பி சிவக்கும்போது மேலே போகும், அணையும்போது கீழே வரும். தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைப்பதுதான் வழி. கிண்ணத்தை ஒரு டைலின் மேல் வைத்தால் டைல் சூட்டைத் தேக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். மேலே அலுமினியத் தாளைக் கூடாரமாகக் கவிழ்த்தால், சிவந்த கம்பியிலிருந்து நேராக வரும் கதிர்வீச்சு தட்டின் முகத்தைக் கருக்காது. பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்துவதில் படுசோம்பேறி. ஆறு மில்லிமீட்டர் கனத்துக்குக் கால் மணி முதல் அரை மணி வரை என்று தயாரிப்பாளர்கள் சொல்வது நடுப்பகுதிக்கும் சூடு போய்ச் சேரத்தான்.

சூடு போதாவிட்டால் என்ன ஆகும்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தட்டு கெட்டியாகத்தான் இருக்கும், பார்க்கக் குறை தெரியாது. முதல் கட்டம் முடிந்து, இரண்டாம் கட்டம் நடக்காத தட்டு அது. ஒருநாள் லேசாக வளைத்ததும் படக்கென்று உடையும். உடைந்த முகம் மாவாக உதிரும். வளைந்தால் வேகவில்லை, விறைத்தால் வெந்தது என்று நினைப்பது இயல்பு. மெல்லிய தகட்டில் உண்மை அதற்கு நேர்மாறு.

சூடு அதிகமானால் இன்னும் மோசம். 175 டிகிரி வாக்கில் பிவிசி சங்கிலி குலையத் தொடங்கும். ஒரு குளோரின் அணு பக்கத்து ஹைட்ரஜனை இழுத்துக்கொண்டு ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறுகிறது. அது போன இடத்தில் கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு ஒன்று உண்டாகிறது. அதன் அடுத்த குளோரினுக்குப் பிடி தளர்கிறது. அதுவும் போகிறது, அதற்கடுத்ததும் போகிறது. வெளியேறிய வாயுவே மேலும் வேகத்தைக் கூட்டுகிறது. ஒன்றுவிட்டு ஒன்றாக ஏழெட்டு இரட்டைப் பிணைப்புகள் சேர்ந்துவிட்டால் அந்தத் தொடர் நீல ஒளியை விழுங்கத் தொடங்கும், மிச்சம் மஞ்சளாகத் தெரியும். கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டீனில் இப்படிப் பதினோரு இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உண்டு. தொடர் நீள நீளத் தட்டு மஞ்சளிலிருந்து பழுப்பாகிக் கருக்கிறது. வெளியேறும் வாயு ஈரத்தில் கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணும் தொண்டையும் எரியும். காரமான வாடை வந்தால் ஓவனை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள். தட்டைக் காப்பாற்றும் வேலை வேண்டாம்.

பிவிசி பிறந்ததும் வளர்ந்ததும் பெரும்பாலும் யாரும் எதிர்பாராமல்தான். 1872-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்கன் பௌமன் மூடிய கண்ணாடிக் குழாய்களில் வினைல் குளோரைடை அடைத்து வெயிலில் வைத்தபோது உள்ளே ஒரு வெள்ளைத் திடப்பொருள் படிந்தது. அதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. 1913-இல் ஃபிரிட்ஸ் கிளாட்டே அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனத்துக்கும் பயன் பிடிபடவில்லை, 1925-இல் காப்புரிமையைக் காலாவதியாக விட்டுவிட்டது. சரியாக அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பி. எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். யாரும் சீந்தாத பிவிசி தூளை, கொதிநிலை மிக உயர்ந்த ஒரு திரவத்தில் போட்டுச் சூடேற்றினார். ஆறியதும் இழுத்தால் நீண்டு திரும்பும் ஒரு பொருள் கிடைத்தது. பசை என்ற வகையில் அது தோல்வி. ஆனால் இன்றைய ரெக்சின், மழைக்கோட்டு, மின்கம்பி உறை எல்லாம் அந்தத் தோல்வியிலிருந்து வந்தவை. செமன் 1898-இல் பிறந்து 1999 வரை வாழ்ந்தவர். தன் கண்டுபிடிப்பு உலகை நிரப்பியதை முழுதாகவே பார்த்துவிட்டார்.

இதைக் கைவினைப் பொருளாக்கிய கதைகளிலும் இதே தற்செயல்தான். ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மைக் கலைஞர் கேத்தே குருஸேயிடம் 1930களின் இறுதியில், பொம்மைத் தலை செய்யலாமே என்று ஒரு செயற்கைப் பொருள் வந்தது. அவருடைய பட்டறைக்கு அது ஒத்துவரவில்லை. மகள் ஸோஃபி கையில் எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் மாற்றிச் சீர்செய்து, வீட்டு ஓவனில் சுடக்கூடிய வண்ணக் களியாக விற்றார். 1964-இல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் அதை வாங்கி ஃபிமோ என்ற பிராண்டாக்கியது. அமெரிக்காவின் ஸ்கல்பி என்ற பாலிமர் கிளே பிராண்ட் தன் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதை இன்னும் வேடிக்கை: டிரான்ஸ்ஃபார்மரின் உட்புறச் சூட்டை வெளியே கடத்துவதற்காகச் செய்யப்பட்ட கலவையாம், அந்த வேலைக்கு ஆகவில்லையாம். பிளாஸ்டிக்கை நம்பி வெப்பத்தைக் கடத்தப் பார்த்தால் வேறென்ன நடக்கும்!

பிவிசியின் ஒரு கண்ணியின் எடையைக் கணக்குப் போட்டால் 62.5 வருகிறது, அதில் குளோரின் மட்டும் 35.5. அதாவது பாதிக்கும் மேல், 57 சதவீதம், பெட்ரோலியத்திலிருந்து வரவில்லை, உப்பிலிருந்து வருகிறது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தெடுத்த குளோரின் அது. இந்த வகை நுண்தூள் பிவிசியைத் தமிழ்நாட்டிலேயே செய்கிறார்கள். மேட்டூரில் கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலை பேஸ்ட் பிவிசி தயாரிக்கிறது. அந்நிறுவனத்துக்கு வேதாரண்யத்தில் உப்பளங்களும் உண்டு. அந்தத் தூளில் பெரும்பகுதி கைவினைக்குப் போவதில்லை. செயற்கைத் தோல், கையுறை, தார்ப்பாய் என்று போகிறது. திருப்பூர்க்காரர்களுக்கோ பிளாஸ்டிசால் புதிய சங்கதியே இல்லை. டி-ஷர்ட்டில் கொஞ்சம் எழும்பி, வழவழவென்று நிற்கும் படம் இந்த ரகம்தான். இரவெல்லாம் ஸ்கிரீனில் கிடந்தாலும் அந்த மை காயாது. க்யூரிங் மெஷினில் 160 டிகிரி பட்டால்தான் பிடிக்கும். அந்தப் படத்தின் மேல் நேராக இஸ்திரிப் பெட்டியை வைத்தவர்கள், அது மறுபடி இளகி இழுபட்டதைப் பார்த்திருப்பார்கள். வீட்டுக் கைவினைக்கு வரும் கலவையில், குறைந்த சூட்டிலேயே சேர்ந்துகொள்ளும்படி தூளையும் இளக்கியையும் தேர்ந்து சேர்க்கிறார்கள்.

அழகாக இருக்கிறது என்பதற்காக இதன் மறுபக்கத்தை விட்டுவிட முடியாது. வினைல் குளோரைடு வாயு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. 1974-இல் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரின் பிவிசி ஆலைத் தொழிலாளர்களிடம் ஆஞ்சியோசார்கோமா என்ற மிக அரிய ஈரல் புற்றுநோய் அடுத்தடுத்துத் தென்பட்டபோதுதான் உலகம் விழித்தது. அதுவரை ஆலைக் காற்றில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை விட்டுவைத்திருந்த அமெரிக்கா, அந்த வரம்பை 1 பங்காகக் குறைத்தது. பாலிமராகிவிட்ட பிவிசி அந்த வாயுவைப் போன்றதல்ல. ஆனாலும் சூளை மண்பாண்டத்துக்கு இது இயற்கையான மாற்று என்று சிலர் எழுதுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இது பிளாஸ்டிக், மக்காது. சாப்பாட்டுக்குப் பயன்படுத்தும் தட்டும் அல்ல. மோதிரத்தோடு நிற்கட்டும், முந்திரி வேண்டாம்.

இளக்கி விஷயமும் இப்படித்தான். அது சங்கிலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறதே ஒழிய, எதோடும் கட்டப்படவில்லை. வழி கிடைத்தால் கிளம்பிவிடும். சுடாத கிளேயைச் செய்தித்தாள் மேல் ஓர் இரவு வைத்தால் காலையில் சுற்றிலும் எண்ணெய் வளையம். தெர்மக்கோல் மேலோ பாலிஸ்டைரின் டப்பாவிலோ வைத்தால் இளக்கி அதற்குள் புகுந்து அதையும் இளக்கிவிடும். கிளே டப்பாவோடு ஒட்டிப்போகும். பாலிபுரொப்பிலீன் டப்பா ஒன்றும் ஆகாமல் நிற்கும், ஏனென்றால் அதன் சங்கிலிகளோடு இளக்கிக்கு ஒட்டுறவு இல்லை. சுட்ட தட்டின் மேல் நெயில் பாலிஷ் பூசினால் பல சமயம் நாள்கள் கழித்தும் பிசுபிசுக்கும். பாலிஷ் படலம் இளக்கியை உறிஞ்சித் தானும் இளகிவிடுவதுதான் காரணம். நீரில் கரைந்த வார்னிஷ் பாதுகாப்பு. 1960களின் பார்பி பொம்மைகளுக்குச் செம்பு கலந்த கம்மலைச் சுற்றிக் காது பச்சையாகிப் போனதும் இதே இளக்கியின் கைவரிசைதான்.

முன்பு இளக்கியாகத் தாலேட் வகைகள் இருந்தன. உடலின் ஹார்மோன்களில் அவற்றுள் சில குறுக்கிடும் என்ற கவலையால், விளையாட்டுப் பொருட்களில் எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் அவை கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலும் அமெரிக்கா 2008-இலும் சட்டம் கொண்டுவந்தன. அவற்றுக்கு மாற்றாக வந்தவற்றுள் சிட்ரேட் வகை முக்கியமானது. மாத்திரைகளின் மேற்பூச்சிலும் அது உண்டு. அதற்கு வேண்டிய சிட்ரிக் அமிலம் இப்போது எலுமிச்சையிலிருந்து வருவதில்லை. சர்க்கரைப் பாகில் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சையை வளர்த்து எடுக்கிறார்கள். உப்பளத்துக் குளோரினும் பூஞ்சை தந்த புளிப்பும் ஒரே தட்டில்.

அறை வெப்பத்திலும் இளக்கி முழுக்கச் சும்மா இருப்பதில்லை. பழைய பாட்டிலில் திரவம் கெட்டிப்பட்டுப் போவதற்குக் காரணம், அது மாதக்கணக்கில் துகள்களுக்குள் கசிந்துகொண்டிருப்பதுதான். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் பாட்டிலை விட்டுவிட்டு வந்தால் பாதி வேலையைக் காரே முடித்துவிடும். அப்படிக் கெட்டிப்பட்டதில் அதே நிறுவனத்தின் இளக்கித் திரவத்தைச் சில சொட்டு கலந்து பார்க்கலாம். கட்டி தட்டிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

தட்டு கீழே விழுந்து விளிம்பு உடைந்தால்? எபாக்ஸியோ மண்ணோ என்றால் பசைதான் கதி. இங்கே புதுப் பிணைப்புகள் எதுவும் உண்டாகவில்லை என்று பார்த்தோமே, அதன் லாபம் இப்போது தெரியும். உடைந்த இரண்டு முகங்களையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, அதே திரவத்தை மெல்லிசாகத் தடவி, பொருத்தி, நகராமல் தாங்கல் கொடுத்து மறுபடி 130 டிகிரியில் இருபது நிமிடம் வைக்க வேண்டும். சொட்டிலுள்ள இளக்கி பழைய முகங்களுக்குள் நுழையும், நுண்படிகங்கள் இளகும், இரு பக்கத்துச் சங்கிலிகளும் புதுச் சொட்டுக்குள் இறங்கிப் பின்னிக்கொள்ளும். சூட்டளவு தாண்டாதவரை எத்தனை தடவை சுட்டாலும் தட்டுக்குக் கேடில்லை. ஆறும்வரை மட்டும் தொடாதீர்கள். சூடாக இருக்கும்போது முடிச்சுகள் இன்னும் விழுந்திருக்காது, விரல் பட்டாலே ஒட்டு விலகும்.